தண்ணீருக்கு மேலே ஒரு வீடு

ஜனவரி 12, ஞாயிறு

இந்த வருஷம் மலை கிடையாது என்று கோகிலா சொல்லிவிட்டாள்.

காலையில் இட்லிக்கு நடுவே செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். கடலுக்குள் கால் ஊன்றி வரிசையாக நிற்கிற மர வீடுகள். கரையிலிருந்து அவற்றுக்கு ஒரு மரப்பாலம். உள்ளே பெரிய கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒரு கண்ணாடிச் சதுரம்.

"படுத்துட்டே பார்த்தா அடியில மீன் போறது தெரியுமாமுங்க."

எனக்கு இட்லி இறங்கவில்லை. மீனோடு எனக்குச் சண்டையில்லை. மீன் போகிறதென்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது.

மாலத்தீவு. ஒரு தீவு இல்லை, மூன்று தீவு. ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் படகு. கடைசித் தீவுக்குத் தண்ணீரிலேயே வந்து இறங்குகிற குட்டி விமானம். ஏப்ரலில் எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். கடையும் நன்றாகப் போகிறது, அவளுடைய தையல் யூனிட்டும் நன்றாகப் போகிறது, எனவே மறுக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. இதுவரை நாங்கள் போனது ஊட்டி, ஏற்காடு, வால்பாறை, மூணாறு, கொடைக்கானல், மறுபடி ஊட்டி.

"ஊட்டியில இருக்கற குரங்குக்கெல்லாம் நம்ம கார் நெம்பர் மனப்பாடமுங்க" என்றாள். தன்யா விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து வயசுக்கு அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறாள்.

நானும் சிரித்தேன்.

ஒரு விஷயத்தை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு ஜாதகத்தில் தண்ணீரில் கண்டம். தண்ணீரால் உயிருக்கு ஆபத்து என்று நான் சின்னப் பையனாக இருந்தபோதே ஜோசியர் சொல்லிவிட்டாராம். நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன், கோபியில் மோட்டார் பம்ப் கடை வைத்திருப்பவன். ஆனால் நம்பாமல் இருப்பது வேறு, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்குவது வேறு. இறங்கியதில்லை. வாய்க்காலும் ஆறும் அணையுமாகக் கிடக்கிற இந்தச் சீமையில் நாற்பத்திரண்டு வயது வரை வாளியும் சொம்புமாகவே ஒப்பேற்றிவிட்டேன்.

ஜனவரி 16, வியாழன்

பாஸ்போர்ட் காலாவதியாகியிருக்கும் என்று நம்பி பீரோவைக் குடைந்தேன். பம்ப் கம்பெனி டீலர்களை துபாய்க்குக் கூட்டிப்போனபோது எடுத்தது. (படகுச் சவாரி அன்று எனக்கு வயிற்றுவலி.) இன்னும் நாள் இருக்கிறது. கோகிலாவும் தன்யாவும் போன வருஷமே எடுத்து வைத்திருக்கிறார்கள். போன வருஷமே!

ஜனவரி 25, சனி

கோயம்புத்தூர் போய் ட்ராவல்ஸில் ஒரு முழு மதியம் உட்கார்ந்துவிட்டு வந்தோம். ஷெரின் என்று ஒரு பெண், சிரித்த முகம், எதைக் கேட்டாலும் "சூப்பரா இருக்கும் சார்" என்றாள். முதல் தீவில் ஓய்வு, இரண்டாவதில் கண்ணாடி மாட்டிக்கொண்டு பவளப்பாறை பார்ப்பது, மூன்றாவதில் அந்தத் தண்ணீர் வீடு. காலைச் சாப்பாட்டை மிதக்கிற தட்டில் வைத்துத் தள்ளிவிடுவார்களாம். தோசையைக்கூட நீந்திப் போய்த்தான் தின்ன வேண்டும் போல.

"தீவுக்கு நடுவால, கடல் தெரியாத மாதிரி ரூம் இருக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"சார், தீவே நம்ம பஸ் ஸ்டாண்ட் அளவுதான் சார்."

பஸ் ஸ்டாண்ட் அளவு. சுற்றிலும் கடல். அதில் என் பெண்டாட்டியும் பிள்ளையும்.

பிறகு ஷெரின், "நீச்சல் யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டாள். கோகிலா நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "எனக்குத் தெரியுமுங்க. நான் பவானிக்காரி. கல்யாணத்துக்கு முந்தி ஆத்துல அக்கரைக்குப் போய் அப்பிடியே திரும்பி வந்துருவனுங்க." இதை அவள் ஷெரினிடம் சொன்னாள். என்னிடம் சொன்னதில்லை. கல்யாணமான முதல் ஆடிப்பெருக்குக்கு அவள் ஆற்றில் இறங்கப் போனபோது என் அம்மா, "அவனுக்குத் தண்ணியில கண்டம் அம்மிணி, நீயும் எறங்காதே" என்றாள். அதோடு சரி. நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. அவளாகத்தான் விட்டாள்.

"சாருக்கு?"

"அதெல்லாம் பார்த்துக்கலாமுங்க" என்றேன். என் குரலே எனக்கு யாரோ பேசுவது போல இருந்தது.

திரும்பி வரும்போது காரில் கோகிலா சொன்னாள்: "ஏனுங்க, அத்தை சொன்னாங்கன்னு நீங்களும் இத்தனை வருஷம் இருந்துட்டீங்க. கண்டமெல்லாம் நாப்பதோட தீந்துருமாமுங்க. இனிமேல் என்னங்க?"

அம்மா சொல்லுக்குக் கட்டுப்பட்டுத்தான் நான் தண்ணீரில் இறங்குவதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். நினைக்கட்டும்.

பிப்ரவரி 1, சனி

ஒரு தோட்டத்தில் கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது என்று போனேன். மெக்கானிக் இறங்கினான். நான் வழக்கம்போல வேப்பமரத்தடியில் நின்று பில் போட்டேன். "கிட்ட வந்து பாருங்க, தண்ணி எப்பிடி ஊறியிருக்குது" என்று தோட்டக்காரர் கையைப் பிடித்து இழுத்தார். செருப்பு கடிக்கிறது என்றேன். இருபது வருஷமாகக் கிணற்றுக்குப் பம்ப் விற்கிறேன். ஒரு கிணற்றின் உள்சுவர் எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 9, ஞாயிறு

தன்யாவைக் கோகிலா ஈரோட்டில் ஒரு ஓட்டல் நீச்சல்குளத்தில் வகுப்பில் சேர்த்துவிட்டாள். ஞாயிறு தோறும். கடலுக்குப் போவதற்குள் பழகிவிடுவாளாம். நான் ஓட்டிக்கொண்டு போனேன். உள்ளே போகவில்லை, காரில் இருந்தேன். பேப்பர் படித்தேன். குட்டையில் மூழ்கி இருவர் பலி என்று ஒரு செய்தி. மடித்து வைத்துவிட்டேன்.

ஈரத்தலையோடு ஓடி வந்தாள். "அப்பா! தண்ணிக்குள்ள கண்ணைத் தொறந்துட்டே முங்குனேன்! பயமே இல்லை. மூச்சை மட்டும் பூ ஊதற மாதிரி ஊதி உடோணுமாம்பா, கோச் சொன்னாங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம்.  ஏசியைக் கூட்டினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்றைக்குக் காரில் உட்கார முடியவில்லை. வேலிப் பக்கம் போய் நின்றேன். ஆழமான பக்கத்தில் வரிசையாகப் பிள்ளைகள். ஒவ்வொன்றாகக் குதித்தன. சிவப்புத் தொப்பி என் பெண். குதித்தாள். தண்ணீர் மூடிக்கொண்டது. தண்ணீருக்கு அது ஒன்றுமே இல்லை, ஒரு சின்ன வளையம், பிறகு அதுவும் இல்லை.  வேலிக் கம்பி உள்ளங்கையைக் கிழித்திருந்ததைப் பிற்பாடுதான் பார்த்தேன். தொப்பி மேலே வந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் கோகிலா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன்: "அந்தியூர்ப் பக்கத்து ஜோசியர் ஒருத்தர் மோட்டார் வாங்க வந்தாரு. போன்ல இருந்த தன்யா ஜாதகத்தைச் சும்மா காட்டுனேன். அவளுக்கும் தண்ணியில கண்டம்னாரு. பதினஞ்சு வயசு முடியற வரைக்கும்."

வயசுக் கணக்கு உட்பட எல்லாம் தானாகவே வந்தது. தயாராக யாரோ என் வாய்க்குள் வைத்துவிட்டுப் போனது மாதிரி.

நல்லதுக்குத்தான். திரும்பினால் தன்யா வாசற்படியில் நின்றிருந்தாள், கையில் ஈர நீச்சலுடை. காயப் போடக் கொண்டுபோனாள் போல.

பிப்ரவரி 17, திங்கள்

நீச்சல் வகுப்பை நிறுத்தியாயிற்று. நன்றாகத் தூங்கினேன்.

பிப்ரவரி 20, வியாழன்

கோகிலா சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். பதிலுக்குச் சொல்ல இரண்டு மூன்று வார்த்தைகளை யோசித்தும் வைத்திருந்தேன். அவள் போடவில்லை. ஷெரினுக்குப் போன் பண்ணி, "இப்போதைக்கு வேண்டாங்க, பாப்பாவுக்கு நேரம் செரியில்லை" என்றாள். ஷெரின் பணத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், தேதி மட்டும் பிடித்து வைக்கிறேன், மனசு மாறினால் சொல்லுங்கள் என்றாளாம்.

மத்தியானம் சாப்பிட வந்தபோது வாசலில் தண்ணீர்த் தொட்டி மூடியின் மேல் அம்மிக்கல் இருந்தது. அந்தக் கல்லைத் தனியாக எப்படித் தூக்கினாளோ.

மார்ச் 1, சனி

தன்யா அரை வாளித் தண்ணீரில் குளிக்கிறாள். கதவைச் சாத்துவதில்லை. கோகிலா வாசலில் நின்றுகொண்டிருக்க வேண்டும், பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் உள்ளிருந்து "அம்மா?" என்று கேட்கிறது.

பள்ளிக்கூடத்தில் கொடிவேரி அணைக்குக் கூட்டிப்போகிறார்கள். வேண்டாம் என்று கோகிலா எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆற்றில் அக்கரைக்குப் போய்த் திரும்பியவள், பிள்ளை முகம் கழுவும்போது அவள் பின்கழுத்துக்குப் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். தொடுவதில்லை, சும்மா அருகில் வைத்திருக்கிறாள். அந்தக் கையை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று நாள் முழுக்க யோசித்தேன். என் அம்மாவின் கை.

இன்று தன்யா என்னிடம் கேட்டாள். "அப்பா, கண்டம் வந்தா வலிக்குமா?"

"அதெல்லாம் ஒண்ணும் வராது கண்ணு."

"உங்களுக்கு வரலை. உங்களுக்கு வரலைன்னா எனக்கு வந்துருமா?"

கடையில் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். கடையில் வேலை இல்லை.

மார்ச் 8, சனி

கோகிலா அந்த ஜோசியரைப் பார்க்க வேண்டும் என்கிறாள். பரிகாரம் கேட்க வேண்டுமாம். பேர் என்ன, போன் நம்பர் என்ன, பில்லில் இருக்குமே என்றாள். திருப்பூர் பக்கம் குடிபோய்விட்டார் என்றேன். பில் போடாமல் வாங்கினார் என்றேன்.  நான் ஒன்றும் குற்றம் செய்யவில்லை. ஆனாலும் வாசலில் பைக் நின்றால் திடுக்கென்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

என்னிடம் சொல்லாமல் பவானியில் அவர்கள் வீட்டுப் பழைய ஜோசியரிடம் போய்விட்டு வந்திருக்கிறாள். நிம்மதி, இவர் உண்மையைச் சொல்லித் தீர்த்துவைப்பார் என்று நினைத்தேன். அவரும் நேர்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்: ஜாதகம் சுத்தமாக இருக்கிறது, கண்டம் கிண்டம் ஒன்றும் இல்லை, தாராளமாகக் கடலுக்குக் கூட்டிப்போங்கள்.

"அப்பறம் என்ன?" என்றேன். என் குரலில் இருந்த சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை.

கோகிலா அழ ஆரம்பித்துவிட்டாள். "மறைக்கறாருங்க. என்ர மூஞ்சியைப் பார்த்தே பேசலை. நான் பயந்துக்குவேன்னு சொல்ல மாட்டீங்கறாரு. அவ்வளவு மோசமாட்ட இருக்குது."

இல்லை என்று இனி யார் சொன்னாலும் அவளுக்கு அது ஆமாம் என்றுதான் கேட்கும். இதை எப்படித் திரும்ப எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது. இது தண்ணீர்ப் பயம் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா தோட்டத்துக்கு வரச் சொல்லியிருந்தாள். அப்பா போன பிறகு அவள் அங்கேதான் இருக்கிறாள், டவுனுக்கு வர மாட்டேன் என்கிறாள். நான் போனபோது களத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார் என்றுகூடச் சொல்லவில்லை.

"கோகிலா போன் பண்ணுனா. பையனுக்கு என்ன பரிகாரம் பண்ணுனீங்க அத்தைன்னு கேக்கறா. எந்த ஜோசியன்டா சொன்னது?"

"அந்தியூர்க்காரரு."

"ஆள் எப்பிடி? கறுப்பா, செவப்பா?"

"மாநெறம்."

"மீசை?"

எனக்குச் சட்டென்று மீசை வரவில்லை. அம்மா மிளகாயை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"அப்பிடி ஒருத்தனே இல்லை. அப்பிடித்தானே?"

 அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் அப்படியே களத்தில் உட்கார்ந்துவிட்டாள், மிளகாய் மேலேயே. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்கும் இல்லை சாமி" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உனக்குச் சொன்ன ஜோசியரும் இல்லை. நானாச் சொன்னது."

அம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தானாம். சண்முகம். அப்படி ஒரு பேரை இந்த வீட்டில் நான் கேட்டதில்லை. எல்லாப் பையன்களுக்கும் செய்வதுபோலக் காய்ந்த சுரைக்காயை முதுகில் கட்டி, நீச்சல் பழகக் கிணற்றில் இறக்கிவிட்டார்கள். முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அம்மா மேட்டில் நின்று பார்த்திருக்கிறாள்.

"உனக்கு அஞ்சு வயசாகறப்ப உங்கய்யன் சுரைக்காயோட வந்து நின்னாரு. நான் கால்ல உழுந்தேன். எனக்குப் பயமா இருக்குது, வேண்டாமுங்கன்னேன். பொம்பளை பயத்துக்கெல்லாம் பையனை வளத்த முடியாதுன்னுட்டாரு. உங்க தாத்தன் சிரிச்சாரு. அடுத்த வாரம் கோயிலுக்குப் போய்ட்டு வந்து, ஜோசியர் தண்ணியில கண்டம்னாருன்னு சொன்னேன். அவ்வளவுதான். அன்னிக்கே சுரைக்காயைக் குப்பையில வீசிட்டாரு. கெணத்துக்குக் கம்பி வலை போட்டாரு. யாரும் சிரிக்கலை."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா நீ தண்ணிக்குப் போயிருவியே."

அவள் கண்களைத் துடைக்கப் போனாள், கையெல்லாம் மிளகாய். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். நாற்பத்திரண்டு வயசு ஆளுக்கு அழுகை வரக் கூடாதா என்ன. வந்தது.

"எனக்குப் பயம்னு சொன்னா யாரும் கேக்கலை சாமி. அதான். உனக்கென்ன? நீ சொன்னா அவ கேக்க மாட்டாளா?"

 

மார்ச் 17, திங்கள்

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். கோகிலாவுக்குத் தலைவலி.

மார்ச் 19, புதன்

கடையில் கூட்டம். நாளைக்கு.

மார்ச் 23, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தையல் யூனிட்டில் இன்று ஆட்கள் இல்லை. அவள் தனியாகத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் கையில் இருக்கிற நேரம் பார்த்தா சொல்வது என்று தோன்றியது, ஆனால் இன்னொரு நேரம் பார்த்தால் சொல்ல மாட்டேன் என்றும் தெரிந்தது. அந்தியூர் ஜோசியர் இல்லை என்றேன். அம்மாவின் தம்பியைச் சொன்னேன். வேலியில் நின்றதைச் சொன்னேன்.

கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றுவிட்டது.

"எதுக்குங்க?" என்றாள்.

"எனக்குப் பயம்."

"எதுக்குப் பயம்?"

"தண்ணிக்கு. அம்மா சொன்னதுக்காக இல்லை. எனக்கே பயம். சோப்பு நொரை கண்ணுல பட்டாக்கூடச் சொம்பைத் தேடற வரைக்கும் பயம். ஊட்டிக்குப் போனதெல்லாம் அதுக்குத்தான்."

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.  சத்தம் போடவில்லை.

"பயமா இருக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் ஊட்டிக்கே சந்தோசமா வந்திருப்பனுங்க. பதினஞ்சு வருஷம் ஆத்தைப் பார்த்துட்டுக் கரையில நின்னவ நான், இன்னும் நின்னுருக்க மாட்டனா? பிள்ளையைப் போய் ஏனுங்க சாகக் குடுத்தீங்க? ஒரு மாசமா அந்த பாத்ரூம் வாசப்படியில நின்னு அவ மூச்சைக் கேட்டுட்டு இருக்கறனே. ஒரு மாசமா!"

 மிச்சத் துணியை வெட்டி முடித்தாள். கோணலாக வெட்டிவிட்டாள், அவள் அப்படி வெட்டி நான் பார்த்ததில்லை.

மார்ச் 25, செவ்வாய்

கோகிலா என்னிடம் பேசுவதில்லை. "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று தன்யாவிடம் சொல்கிறாள், நான் எதிரிலேயே இருக்கும்போது. தொட்டி மூடியிலிருந்து அம்மிக்கல்லை எடுத்துவிட்டாள்.

மார்ச் 27, வியாழன்

தன்யாவை உட்காரவைத்து நான் சொன்னேன். கண்டம் இல்லை, அப்பா சொன்னது பொய்.

பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்குத் தெரியும்பா. நான் பயந்துக்கக் கூடாதுன்னுதானே சொல்றீங்க? அம்மாவும் அப்பிடித்தான் சொல்றாங்க."

"இல்லை கண்ணு, நெசமாவே பொய்."

"உங்களுக்குச் சொன்னதும் பொய்யா?"

"அதும் பொய்தான்."

"அப்பறம் நீங்க ஏன் தண்ணியில எறங்கறதே இல்லை?"

அன்றைக்குத் தோட்டத்தில் அம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லாமல் வந்தேன். பெண்ணின் கேள்விக்குப் பதில் இருக்கிறது, ஆனால் அதை வாயால் சொன்னால் அவள் நம்ப மாட்டாள். கோகிலா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்தாள். நான்கு நாளில் முதல் தடவை என் முகத்துக்கு நேரே பேசினாள்.

"ஞாயித்துக்கெழமை வாய்க்காலுக்குப் போலாமுங்க."

மார்ச் 29, சனி

சாப்பிடவில்லை. கடையில் ஒரு ஆளுக்கு அரைக் குதிரைச் சக்தி மோட்டாருக்குப் பதில் இரண்டு குதிரைச் சக்தி மோட்டாரை ஏற்றி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

 

துணி துவைக்கிற படித்துறைக்குப் போனோம். வாய்க்காலில் தண்ணீரைக் குறைத்துவிட்டிருந்தார்கள். நடுவில் நின்றாலே கோகிலாவுக்கு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அதை அவளே முதலில் இறங்கிக் காட்டினாள். பிறகு முங்கினாள்.  எதிர்க்கரையில் எழுந்து, தலைமுடியைப் பின்னால் தள்ளிவிட்டு, முகத்தைத் துடைத்தாள். பதினைந்து வருஷமாகக் கூட வாழ்கிறவளுக்கு அப்படி ஒரு முகம் இருப்பதை நான் இன்றுதான் பார்த்தேன். கல்யாண போட்டோவில்கூட அது இல்லை. ஒரு ஆளிடமிருந்து எதை எடுத்து வைத்துக்கொண்டோம் என்பது அதைத் திருப்பிக் கொடுக்கிற அன்றைக்குத்தான் தெரிகிறது.

திரும்பி வந்து நடு வாய்க்காலில் நின்றாள். "இப்ப நீங்க" என்றாள்.

தன்யா மேலே தென்னை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். துண்டைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றியிருந்தாள்.

இறங்கினேன். கணுக்கால், முழங்கால், அதுவரை எனக்குத் தெரிந்த உலகம். அடுத்த படியில் தொடை நனைந்தது. பயம் வந்தால் நெஞ்சு படபடக்கும் என்பார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது. துணி அடிக்கிற சத்தம், கோகிலா ஏதோ சொன்னது, எல்லாம் தூரத்தில் போய்விட்டது. வேட்டியைத் தண்ணீர் இழுத்தது, மெதுவாக, விடாமல், யாரோ கூப்பிடுவதுபோல. காலுக்கடியில் படி இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. கோகிலா கையை நீட்டினாள். எட்டவில்லை.

வழுக்குகிறது என்று சொல்லலாம் என்று நினைத்தேன். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். வாயில் வந்தும்விட்டது. விழுங்கினேன்.

"எனக்குப் பயமா இருக்குது" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன், கத்தித்தான் சொன்னேன். துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "கண்ணு! அப்பாவுக்கு நெம்பப் பயமா இருக்குது. கண்டமெல்லாம் இல்லை. பயந்தான்."

பின்னால் படியில் சத்தம். பிறகு என் இடது கைக்குள் ஒரு சின்னக் கை.

"ஆடாம நில்லுங்கப்பா. நான் புடிச்சுட்டேன்" என்றாள் தன்யா. "மூச்சை உடுங்க. பூ ஊதற மாதிரி. ஊதுங்க. நீங்க ஊதவே மாட்டீங்கறீங்க!"

ஊதினேன். அவளும் கூட ஊதினாள். ஒரு படி இறங்கினோம். காது திறந்துகொண்டது. அடுத்த படி. எனக்கு இடுப்பளவு, அவளுக்கு நெஞ்சளவு. தான் எங்கே நிற்கிறோம் என்பதை அவள் கவனிக்கவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கவனித்தேன். கோகிலாவும் கவனித்தாள். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.

தென்னை மரத்தடியில் துண்டு கிடந்தது.

ஏப்ரல் 2, புதன்

கோகிலா ஷெரினுக்குப் போன் பண்ணினாள். பழைய தேதியே இருக்கிறதாம். எனக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பண்ணினாள்: "வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க. காரணமெல்லாம் சொல்ல வேண்டாம். பயம்னு மட்டும் சொல்லுங்க, ஊட்டிக்குப் போலாம்."

"பயந்தான். போலாம்" என்றேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

நாளைக்குக் காலையில் கிளம்புகிறோம். பெட்டி கட்டியாயிற்று. குட்டி விமானத்தில் பெட்டி கனமாக இருக்கக் கூடாதாம், என் சட்டைகளில் பாதியைக் கோகிலா எடுத்துவிட்டாள். படகில் போட மிதவைச் சட்டைக்கு அளவு கேட்டாள் ஷெரின். மூன்று பேருக்கும் சொன்னோம். எனக்குக் கழற்றவே மாட்டேன் என்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பயமாக இருக்கிறது. காலையில் கோகிலாவிடம் சொன்னேன், சாப்பிடும்போது தன்யாவிடம் சொன்னேன். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.  அம்மா, "எனக்கும்தான் சாமி. போய்ட்டு வா" என்றாள்.

கண்ணாடித் தரை போட்ட அறையைத்தான் எடுத்திருக்கிறோம். மொதல் நாள் அது மேல ஒரு துண்டை விரிச்சுக்கலாமுங்க என்று கோகிலா சொல்லியிருக்கிறாள்.